பாட்ஸுக்குக் காசு இருக்கு, பிழை தேடுறதுக்கு இல்லையா?

எங்கட பக்கம் ஒரு கார் கராஜுக்குப் போய்த் திரும்பி வந்தால் பில்லில் இரண்டு விஷயம்தான் இருக்கும். ஒன்று, மாத்தின பாட்ஸ். மற்றது, அதைக் கழட்டிப் பூட்டின கூலி. "என்ன பிழை என்று தேடின நேரம், ஒரு மணித்தியாலம்" என்று ஒரு வரி எழுதின பில்லை நான் இதுவரை காணவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான் எங்கட வீடுகளில் இவ்வளவு காசு வீணாகப் போகுது என்பது என் கருத்து. கராஜ்காரரை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அந்த வரிக்குக் காசு குடுக்க மாட்டோம் என்று அடம்பிடிக்கிற எங்களைப் பற்றித்தான் இது.

சும்மா பொதுவாகப் பேசினால் விளங்காது. அதனால் ஒரே ஒரு வருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கார் ஸ்லோவில் நிற்கும்போது தேவைக்கு மேல் பெற்றோல் குடிப்பது. மெக்கானிக்மார் "ரிச்சா ஓடுது" என்று சொல்வது இதைத்தான். வீதியில் ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதும் கேற்றடியில் ஆளை ஏத்தக் காத்திருக்கும்போதும்தான் வாகனம் நடுங்கும், பின்னால் பெற்றோல் மணக்கும், கண் எரியும். ஸ்பாக் பிளக்கைக் கழட்டிப் பார்த்தால் நுனி கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். புகைப் பரிசோதனைக்குப் போனால் ஸ்லோவில் எடுக்கிற காபனோரொட்சைட்டு அளவு கூடி, "ஃபெயில்" என்று அடித்த தாளோடு வீட்டுக்கு வர வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த லைசன்ஸ் எடுக்க ஏலாது.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஒருத்திக்கு இஞ்சினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கு, பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த வருத்தம் எப்படி வருது என்று பார்ப்போம். பெற்றோல் இஞ்சினில் ஒரு பங்கு பெற்றோல் முழுசாக எரிய நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் அல்லது காற்றுக் குறைந்தால் கலவை ரிச். இப்போது கேட்க வேண்டிய கேள்வி, ஏன் ஸ்லோவில் மட்டும்? ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கார் ஸ்லோவில் மணித்தியாலத்துக்கு 0.7 லீற்றர் எரிக்குது. வீதியில் ஓடும்போது 5 லீற்றர் எரிக்குது. எங்கோ ஓரிடத்தால் மணித்தியாலத்துக்கு 0.1 லீற்றர் கணக்கில்லாமல் கசிந்து உள்ளே போகுது. அந்தக் கசிவு ஸ்லோவில் ஏழில் ஒரு பங்கு, வீதியில் ஐம்பதில் ஒரு பங்கு. வீதியில் இஞ்சின் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்லோவில் மூச்சு முட்டும். ஆகவே ஸ்லோவில் மட்டும் ரிச் என்றால், ஓட்டத்தோடு சேர்ந்து கூடாமல் ஒரே அளவில் உள்ளே போகிற ஏதோ ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு ஸ்பனர் கூடத் தூக்காமல், யோசித்தே தேடலைப் பாதியாக்கிவிடலாம்.

பழைய காபரேற்றர் வாகனம் என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். இஞ்சின் சூடாகின பிறகும் சோக் தகடு முழுசாகத் திறக்காமல் நிற்குதா? காற்று வடிகட்டியைக் கழட்டிவிட்டு, ஸ்லோவில் ஓடும்போது காபரேற்றரின் வாய்க்குள் பார்த்தால் பெரிய நொசிலால் பெற்றோல் சொட்டுதா? சொட்டினால் உள்ளே மிதவை மட்டம் கூட, அல்லது நீடில் வால்வு சரியாக மூடுதில்லை. ஸ்லோவுக்கான சின்னக் காற்று ஜெற் ஊத்தையால் அடைபட்டிருக்கா? இதெல்லாம் சரி என்றால்தான் கலவை ஸ்குரூவில் கை வைக்க வேண்டும். எங்களில் பலர் செய்வது மறுவளம். புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் ஸ்குரூவை உள்ளே முறுக்கி, சான்றிதழை எடுத்துவிட்டு வந்து திரும்பத் தளர்த்துவார்கள். தாள் பாஸ். இஞ்சின் பழைய இஞ்சின்தான்.

இன்ஜெக்‌ஷன் வாகனத்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஈ.சி.யு என்ற கணினிப் பெட்டி இருக்கு. எவ்வளவு காற்று வருது, இஞ்சின் எவ்வளவு சூடு, புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கு என்று சென்சர்களிடம் கேட்டுக் கேட்டு அது பெற்றோலை அளக்கும். கூடக் குறைய இருந்தால் தானே திருத்தும். எத்தனை வீதம் திருத்துது என்பதை ஸ்கானரில் பார்க்கலாம். ஃபுவல் ட்ரிம் என்று பெயர். மைனஸ் 20 என்றால், "பெற்றோல் கூடிப்போச்சு, நான் 20 வீதம் வெட்டிக்கொண்டிருக்கிறன்" என்று பெட்டி சொல்லுது. வெட்டி வெட்டி அதன் எல்லை முட்டினால் மஞ்சள் லைற் எரியும். கோட் பி0172 என்று வரும். கலவை ரிச் என்பதுதான் அதன் பொருள்.

பிரச்சினை தொடங்கிற இடமும் இதுதான். பி0172 என்று வந்தவுடன் "ஒட்சிசன் சென்சர் போட்டுது" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கோட் அப்படிச் சொல்லவே இல்லை. "ரிச்" என்று ஒருவன் வந்து முறைப்பாடு சொன்னால், முறைப்பாடு சொன்னவனையே பிடித்து உள்ளே போடுகிற கதை இது.

எங்கட மாமாவின் காருக்கு நடந்தது இதுதான். மாமா ஹயர் ஓடுகிறவர். பழைய ஜப்பான் கார், அதுதான் அந்தக் குடும்பத்தின் சோறு. ஒரு கராஜில் ஸ்கானரைக் குத்திப் பார்த்துவிட்டு ஒட்சிசன் சென்சர் மாத்தினார்கள். இரண்டு கிழமையில் லைற் திரும்பவும் எரிந்தது. பிறகு பிளக் மாத்தினார்கள். பிறகு இன்ஜெக்டர் கழுவினார்கள். மூன்று பில்லையும் கூட்டினால் மச்சாளின் ஒரு தவணை ரியூசன் காசு. கார் அதே கார், அதே நடுக்கம், அதே மணம்.

பிறகு ஆரோ சொல்லி வேறொரு மெக்கானிக் அண்ணையிடம் போனோம். அவர் ஒன்றையும் கழட்டவில்லை. ஸ்கானரில் ஸ்லோவில் ட்ரிம் எவ்வளவு என்று பார்த்தார், நல்ல மைனஸ். 2500 சுற்றுக்கு ரேஸ் பண்ணிப் பார்த்தார், கிட்டத்தட்டச் சரி. "ஓ" என்றார். பெற்றோல் டாங்கின் ஆவியைக் கரிப்பெட்டியில் சேர்த்து, பிறகு இஞ்சினுக்குள் விடுகிற ஒரு சின்ன வால்வு இருக்கு. பேர்ஜ் வால்வு. அதிலிருந்து வருகிற ஹோஸைப் பிளையரால் நசுக்கினார். ஒரு நிமிசத்துக்குள் நடுக்கம் நின்றது. ஸ்கானரில் மைனஸ் மெல்ல மெல்லச் சுழியத்தை நோக்கி வந்தது. மூட வேண்டிய நேரம் மூடாமல் வால்வு திறந்தே நின்றதுதான் பிழை. அதைத்தான் மாத்த வேண்டும் என்றார். பெற்றோல் அடிக்கும்போது பம்ப் தானாக நின்ற பிறகும் கழுத்துமட்டும் நிரப்பினால் கரிப்பெட்டிக்குள் பெற்றோலே இறங்கிவிடும், அதையும் விடச் சொன்னார். வரிசையில் நின்று பழகின சனம் நாங்கள், கிடைக்கும்போது கழுத்துமட்டும் அடிக்காமல் எப்படி வருவோம்?

எல்லாம் அரை மணித்தியாலம். வால்வின் விலையோடு தன் கூலியையும் சொன்னார். அது முதல் கராஜ் சென்சருக்கு எடுத்த காசில் கால்வாசி கூட இல்லை. ஆனாலும் மாமா கேட்டார், "ஒரு ஹோஸை நசுக்கினதுக்கு இவ்வளவோ?"

அந்த அண்ணை கோவிக்கவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னார், "அண்ணை, அடுத்தமுறை நானும் ரெண்டு சென்சர மாத்திவிடுறன். அப்ப நீங்கள் கேக்காமலே காசு தருவியள்."

எனக்கு மாமாவில் சரியான பாசம். ஆனால் இதில் அண்ணையின் பக்கம்தான் நியாயம். மூன்று தரம் பிழையான இடத்தில் கை வைத்தவர்களுக்குக் கேள்வி கேட்காமல் காசு குடுத்த மனுசன், சரியான இடத்தில் ஒரே தரம் கை வைத்தவரிடம் பேரம் பேசினார். ஏன்? அங்கே கையில் ஒரு பெட்டி வந்தது, பழைய சாமானைப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்கள். இங்கே கையில் ஒன்றும் வரவில்லை. அறிவுக்கு எடை இல்லை, தராசில் வைக்க ஏலாது. அதனால் விலையும் இல்லை.

இப்படிச் சந்தை இருந்தால் கராஜ் நடத்துகிறவர் என்ன செய்வார்? தேடுகிற நேரம் அவருக்கு நட்டம். மாத்துகிற நேரம் லாபம். பாட்ஸில் ஒரு கொமிஷனும் நிற்கும். யோசிக்கத் தெரிந்த மெக்கானிக்கையே யோசிக்காத மெக்கானிக்காக நாங்கள் பழக்கி எடுக்கிறோம்.

இனி என் வேலைக்கு வருவோம். வரலாறு படிக்கும்போது எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே சொல்லித்தருகிற விஷயம், ஓர் ஆதாரம் என்ன சொல்லுது என்பதும் அதிலிருந்து நாங்கள் என்ன முடிவெடுக்கிறோம் என்பதும் இரண்டு வேறு விஷயம். கல்வெட்டுப் பொய் சொல்லாமல் இருக்கலாம், வாசிக்கிற ஆள் பிழை விடலாம். இஞ்சினில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கு. ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கு என்று வையுங்கள். ஸ்லோவில் அந்த வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் அந்தக் காற்றின் ஒட்சிசனைக் காணும். "ஒட்சிசன் கூட இருக்கு" என்று சொல்லும். அது முழு உண்மை. ஈ.சி.யு அதைக் கேட்டு, "அப்ப பெற்றோல் காணாது" என்று முடிவெடுத்துப் பெற்றோலைக் கூட்டும். இப்போது இஞ்சின் உண்மையாகவே ரிச். ஆனால் ஸ்கானரில் ட்ரிம் பிளஸில் நிற்கும். ஒரு பிளக் ஒழுங்காக அடிக்காவிட்டாலும் இதே கதைதான். எரியாத பெற்றோலோடு எரியாத ஒட்சிசனும் வெளியே வரும், சென்சர் ஒட்சிசனை மட்டும்தான் காணும். ஆகவே மணம் ரிச் என்றும் ட்ரிம் பிளஸ் என்றும் இருந்தால், பெற்றோல் பக்கம் தேடக் கூடாது. வெடிப்பையும் மிஸ் அடிக்கிற சிலிண்டரையும் தேட வேண்டும். இரண்டு சாட்சி முரண்படும்போது ஒரு சாட்சியைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று கேட்க வேண்டும். கம்பஸில் படிக்கிறதும் கராஜில் நடக்கிறதும் ஒரே வேலைதான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கினது.

இந்த வேலை எங்கட சனத்துக்குப் புதுசில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த இஞ்சின் அதில் ஸ்ராட் எடுக்காது. அதனால் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்து, ஸ்ராட் எடுக்க மட்டும் ஊத்தி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்களாம். வீட்டில் பெரியாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த கதை இது, உங்கட வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கலவையை அளக்க ஸ்கானர் இல்லை. காதாலும் மூக்காலும் புகையின் நிறத்தாலும் அளந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போது மாத்திப் பார்க்கப் பாட்ஸும் இல்லை. பிழை எங்கே என்று சரியாகக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தட்டுப்பாடு நல்லது என்று சொல்ல வரவில்லை, அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அந்த அறிவு எங்கட கராஜ்களில் இருந்தது. பெட்டி பெட்டியாகப் பாட்ஸ் வந்தபோது அதற்கு விலை இல்லாமல் போனது.

இப்ப நாங்கள் நிற்கிற இடமும் சொகுசான இடமில்லை. 2022 யூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. பிறகு கியூ.ஆர் வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த நாட்களில் ஸ்லோவில் கசிந்த ஒவ்வொரு சொட்டும் வரிசையில் நின்ற நேரம். வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 வரைக்கும் தனியார் கார்களுக்குத் திறபடவில்லை. திறந்த பிறகும் புதுக் கார் வாங்கிற விலையில் எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம்? இருக்கிற பழைய வாகனத்தைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறோம். அதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் எங்களுக்கு வேண்டும்.

இதற்கு மறுப்புகள் இருக்கு. "தேடினதுக்கெண்டு காசு வாங்கிப்போட்டு ஒண்டும் தேடாமல் விட்டால்?" என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. பாட்ஸ் என்றால் கண்ணால் காணலாம், தேடலை எப்படிக் காண்பது? என் பதில், எழுதி வாங்குங்கள். ஸ்லோவில் ட்ரிம் எவ்வளவு, 2500இல் எவ்வளவு. காலையில் ஸ்ராட் எடுக்க முதல் கூலன்ற் சென்சர் எத்தனை பாகை காட்டினது, சூடான பிறகு எத்தனை. எங்கட வெயிலில் ஒரு குளிர்ந்த இஞ்சின் 30 பாகைக்குக் கிட்டக் காட்ட வேண்டும், ஓடின பிறகு 80, 90க்கு வர வேண்டும். நல்லாக ஓடின பிறகும் 40இலேயே நின்றால் ஈ.சி.யு இஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட ஊத்தும். அப்போது பிழை அந்தச் சென்சரில், அல்லது மூடாமல் நிற்கிற தேர்மோஸ்டாட்டில். பெற்றோல் பிரஷர் ரெகுலேற்றரின் வேக்கியூம் ஹோஸைக் கழட்டினபோது உள்ளே பெற்றோல் ஈரம் இருந்ததா? ஒயில் கம்பியில் பெற்றோல் மணந்ததா? இந்த ஐந்தாறு வரியை ஒரு தாளில் எழுதித் தருகிற மெக்கானிக் தேடியிருக்கிறார். எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் "ஏன் இந்தப் பாட்ஸ்?" என்று கேளுங்கள். "கோட் வந்தது" என்பது மட்டும் பதில் என்றால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொரு மறுப்பு, சில நேரம் மாத்திப் பார்ப்பதே மலிவு. உண்மை. சில நூறு ரூபா ஹோஸுக்காக இரண்டு மணித்தியாலம் ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் மலிவான சோதனையிலிருந்து விலையான சோதனைக்குப் போவது ஒரு முறை. விலையான பாட்ஸில் தொடங்குவது முறையில்லை. அந்த ஒழுங்குதான் நான் கேட்பது.

மூன்றாவது, "எல்லாரும் இப்ப ஃபோனில ஸ்கானர் வச்சிருக்கினம், நாங்களே பாப்பம்" என்கிற எங்கட வயதுக்காரர். பாருங்கள், நல்ல விஷயம். ஒரு பெட்டை கராஜுக்குள் நின்று ட்ரிம் எத்தனை என்று கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், பரவாயில்லை, பார்க்கட்டும். ஆனால் கோட் வாசிப்பது வேறு, நோயைக் கண்டுபிடிப்பது வேறு. அந்த அண்ணை ஹோஸை நசுக்கினது ஒரு நிமிசம், எந்த ஹோஸை என்று தெரிய அவருக்கு எத்தனையோ வருடம். அதோடு ஓர் எச்சரிக்கை: ரிச்சாக ஓடுகிற இஞ்சினில் காபனோரொட்சைட்டுக் கூட வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடின ஷெட்டுக்குள் ஸ்ராட்டில் விட்டுவிட்டு ஸ்கானர் பார்க்காதீர்கள். திறந்த முற்றத்தில் பாருங்கள். பெற்றோல் மணக்கிற இடத்தில் சிகரெட்டும் வேண்டாம்.

எங்களில் எத்தனை பேரின் அண்ணன்மார், தம்பிமார் ஓ.எல் முடித்துவிட்டு என்.வி.கியூ படித்துக் கராஜுக்குப் போகிறார்கள்? வீட்டில் "படிப்பு ஏறேல்ல, அதான் மெக்கானிக்" என்று சொல்லி அனுப்புகிறோம். மேலே சொன்ன ட்ரிம் கதையை இன்னொரு தரம் வாசியுங்கள். முரண்படுகிற இரண்டு ஆதாரத்தை வைத்து, ஒவ்வொரு சந்தேகத்தையும் சோதித்து, மிஞ்சுகிற ஒன்றைப் பிடிக்கிற வேலை அது. படிப்பு ஏறாதவன் செய்கிற வேலையா? நாங்கள் அசைன்மென்றில் இதைச் செய்தால் ஏ போடுகிறார்கள். அவன் செய்தால் "ஹோஸை நசுக்கினதுக்கு இவ்வளவோ" என்கிறோம்.

அடுத்த முறை வாகனத்தைக் கராஜில் விடும்போது "எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்காமல், "முதல்ல என்ன பிழை எண்டு பாருங்கோ, பாத்த நேரத்துக்கு இவ்வளவு தாறன், பிறகு மாத்திறதப் பற்றிக் கதைப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். பில்லில் அந்த வரியை எழுதச் சொல்லுங்கள். எழுதினால் பேரம் பேசாமல் குடுங்கள்.